ஐந்தரைக் கட்டை

எனக்குக் காது ஒரு வியாதி. மாவு மில் எந்தச் சுருதியில் ஓடுகிறது, சூரமங்கலத்தில் திரும்பும் டவுன் பஸ்ஸின் ஹாரன் எத்தனை கட்டை என்று வேண்டாத கணக்கெல்லாம் அது போட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டில் தாலாட்டுப் பாடினால் குழந்தை தூங்கிவிடும். சுருதி விலகுகிறதே என்று நான் புரண்டுகொண்டிருப்பேன். என் கணவர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர். "உன்னைக் கொண்டுபோய் ஜங்ஷன்ல கட்டிப் போட்டா மோப்ப நாய்க்கு ஆகுற செலவு மிச்சம்" என்பார். நான் பதிலுக்கு அவருடைய குறட்டையின் சுருதியைச் சொல்லி வாயை அடைப்பேன்.

அந்தக் காதுதான் அந்த அக்காவின் குரலில் ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று முதலில் சொன்னது. அது சொன்னதை நான் நம்ப விரும்பவில்லை.

அவர் குமாரபாளையத்துக்காரர். விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்து, விசைத்தறி ஓடும் இன்னொரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். கோயில் நோம்பிகளில் நடக்கும் இசை நாடகங்களில் ராணி வேஷம் கட்டுவார். எங்கள் பக்கம் நோம்பி என்றால் திருவிழா. பங்குனி, சித்திரையில் அவருக்கு ஓய்வே இருக்காது. செல்போனில் நேரலை போடுகிறவர்கள் மேடைக்கு முன்னால் இடம் பிடிக்கச் சண்டை போடுவார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு நோம்பியில் பல வருடங்களுக்கு முன் நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் மைக்செட்காரர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தார். தறிச் சத்தத்துக்கு மேல் பேசி, சிரித்து, சண்டை போட்டு வளர்ந்த குரல். நான் பதினைந்து வருடம் 'ஆ' என்று நீட்டி அகார சாதகம் செய்தும் எனக்கு வராத ஒன்று அவருக்குச் சும்மா கிடைத்திருந்தது. பொறாமைப்பட்டேன்.

எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது எங்கள் ஊரின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருக்கும் ஓர் இசை மன்றம். முன்பாதி நான் கச்சேரி செய்ய வேண்டும், பின்பாதி அவர் நாடகப் பாட்டுகள் பாட வேண்டும், கடைசியில் மாற்றிக்கொள்ள வேண்டும்: நான் ஒரு நாடகப் பாட்டு, அவர் ஒரு கீர்த்தனை. கேட்டவுடனே தலையை ஆட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிவிட்டு, மாலையில் கீர்த்தனை சொல்லிக்கொடுக்கும் கத்தோலிக்கப் பெண் நான். எந்தக் கூட்டத்திலும் பாதி பேருக்கு நான் பிடிபடுவதில்லை. இதையும் சேர்த்துக் குழப்புவோமே என்று ஆசை. அந்த நிகழ்ச்சி நடக்கவே இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, யாரும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

புதன்கிழமை தோறும் சங்ககிரி வழியாக பஸ் பிடித்து வருவார். என் வகுப்பு மாடி அறையில். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை டீச்சர் என்றார். யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்று கேட்டால் மாறி மாறி என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் என் மின்சாரச் சுருதிப் பெட்டியை ஐந்தரைக் கட்டையில் வைத்தேன். அவர் தம்முடைய சுருதி அதுதான் என்று சொல்லியிருந்தார். கட்டை என்பது ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை ஸ-வாக வைத்துக்கொண்டு பாடுகிறோம் என்ற கணக்கு. எண் ஏறினால் குரலும் ஏற வேண்டும். ஒரு பெண் ஐந்தரையில் முழுக்குரலில் பாடுவது லேசில்லை. நாடகமேடையில் அவர் பெயரே அந்த ஐந்தரையில்தான் நின்றது. மற்ற நாடக செட்டுக்காரர்கள் அவரை 'ஐந்தரை' என்றே சொல்வார்கள்.

மேல் ஸ-வைத் தொட்டவர் பாதியில் விட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"டீச்சர், உங்க பெட்டில சுருதி ஏறி நிக்குதுங்க."

நான் செல்போனில் இன்னொரு சுருதியைப் போட்டு இரண்டையும் ஒத்துப் பார்த்தேன். பெட்டி சரியாகத்தான் இருந்தது. சொன்னேன். அவர் சிரித்தார்.

"போங்க டீச்சர். என்ற ஊட்டுக்காரரு ஆர்மோனியம் இருவது வருசமா எனக்குப் பொய் சொன்னதில்லீங்க. கரண்டுல ஓடறதை நம்பப் படாது."

அவர் கணவர்தான் அந்த நாடக செட்டின் ஆர்மோனியக்காரர். சரி, பழக்கமில்லாத அறை, பெட்டியில் வரும் தம்பூராவின் சத்தம் வேறு, என்று நானும் விட்டுவிட்டேன். அரைக்கட்டை இறக்கி வைத்தேன். அப்போதும் மேலே போகும்போது குரலோடு காற்று சேர்ந்து வந்தது. பஞ்சர் ஆன டியூபில் தண்ணீர் விட்டுப் பார்க்கும்போது ஓர் இடத்தில் குமிழி வருமே, அப்படி ஒரே ஓர் இடத்தில்.

சொல்லிக்கொடுப்பதில் அவர் கெட்டிக்காரர். நாடகப் பாட்டு எனக்கு வரவே இல்லை. கண்ணை மூடிக்கொள்வேன். தொடையில் தாளம் போடுவேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்துவார்.

"நீங்க பாட்டுக்கு மரியாதை குடுக்கறீங்க டீச்சர். அழுகைக்குக் குடுக்க மாட்டீங்கறீங்க. கடைசி வரிசைல கடலை வாங்கித் தின்னுட்டு ஒரு அம்மிணி உக்காந்திருக்குதுன்னு வெச்சுக்குங்க. அது கடலையை நிறுத்தோணும்."

வசனத்திலிருந்து நேரே பாட்டுக்குள் போவதுதான் அந்த மேடையின் கஷ்டம். எங்கள் கச்சேரியில் தம்பூரா முன்கூட்டியே ஓடும், சாவகாசமாகத் தொண்டையைச் செருமிக்கொள்ளலாம். அங்கே கத்திப் பேசிய வாய் மூடுவதற்குள் முதல் ஸ்வரத்தில் விழ வேண்டும். அவர் செய்துகாட்டும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். நான் அவருக்கு மெதுவான கீழ்க்காலத்தில் கமகம் சொல்லிக்கொடுத்தால், "இதென்னுங்க, ஒரு சொரத்தையே புடிச்சு இத்தன நேரம் ஆட்டறது? பஸ்ஸே வந்து போயிருமுங்க" என்பார். ஆனால் அடுத்த வாரம் அதைப் பழுதில்லாமல் கொண்டுவருவார். அந்தப் புதன்கிழமைகள் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தன. அதனால்தான் பயம் வந்தபோது அதை ஒத்திப்போட்டேனோ என்னவோ.

பயம் ஒரு டம்ளர் டீயில் ஆரம்பித்தது. பாட்டு முடிந்து டீ கொடுத்தால் முதல் வாயிலேயே இருமுவார். புரை ஏறுவது யாருக்கும் நடப்பதுதான். ஆனால் அடுத்த வாரமும் இருமினார். அதற்கடுத்த வாரம் தண்ணீர் கொடுத்தேன். அதற்கும் இருமினார். பிறகு அவர் குடிப்பதை நான் பார்க்காத மாதிரி பார்க்கத் தொடங்கினேன். தலையை இடது பக்கம் கொஞ்சம் திருப்பி, சின்னச் சின்ன மடக்காகக் குடித்தார். அப்படிக் குடிப்பது அவருக்கே தெரியவில்லை.

"பஞ்சுங்க டீச்சர்" என்றார் கேட்டபோது. "தறிக்கூடத்துல எல்லாத்துக்கும் இருமல்தான்."

அது உண்மைதான். குமாரபாளையத்தில் யாருக்குத் தொண்டை கட்டினாலும் பஞ்சுதான் காரணம். பழி சுமக்க ஊரிலேயே ஒன்று தயாராக இருக்கும்போது வேறு காரணத்தை யார் தேடுவார்கள்? போதாததற்கு நாடகக்காரர்களுக்கு இன்னொரு நம்பிக்கை உண்டு. குரல் கம்மினால் தொண்டை உடைகிறது, உடைந்தால்தான் திறக்கும், அப்போது இன்னும் ஓங்கிப் பாட வேண்டும் என்பார்கள். மிளகைக் கடித்துக்கொண்டு பாடுவார்கள். எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும்.

"அக்கா, ஓய்வு குடுத்தும் ரெண்டு மூணு வாரத்துல சரியாகாத கம்மலை டாக்டர்கிட்டக் காட்டணும். இது நான் சொல்றதில்ல. பாட்டுச் சொல்லிக்குடுக்கற எல்லாருக்கும் தெரிஞ்சது."

"காட்டலாமுங்க. நோம்பி முடியட்டும்."

"நோம்பி எப்ப?"

"வார வெள்ளிக்கு அடுத்த வெள்ளி காப்புங்க. காப்புக் கட்டிக்கிட்டா நாடகம் முடிஞ்சு அவுக்கற வரைக்கும் ஊரைத் தாண்டப் படாது. அப்பறம் பாக்கறேன்."

அவர் ஊர்க் கோயிலில் அப்படி ஒரு கட்டு உண்டு. அம்மன் நாடகத்தில் ராணி வேஷம் கட்டுகிறவர் கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வேறு ஆளை மாற்றவும் கூடாது. அதை மீறியவர் வீட்டில் என்ன நடந்தது என்று ஊருக்கு ஊர் ஒரு கதை சொல்வார்கள். நான் மந்திரித்த கயிற்றை நம்பாதவள். ஆனால் என் கழுத்திலும் ஒரு மாதா மெடல் தொங்குகிறது. அதனால் அவரிடம் வாக்குவாதம் செய்ய வாய் வரவில்லை.

இடையில் ஒருநாள் நான் குமாரபாளையம் போனேன். நாடகப் பாட்டை அவர்கள் செட்டோடு சேர்ந்து ஒருமுறை பாடிப் பார்க்கலாம் என்று அவர்தான் அழைத்தார். பகல் பதினோரு மணி. தெருவுக்குள் நுழையும்போதே தரை அதிர்ந்தது. இரண்டு பக்கமும் தறிகள். அவர் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை. ஆர்மோனியத்தோடு கணவர், ஒரு மிருதங்கக்காரர், ராஜா வேஷமான ராஜபார்ட் கட்டும் ஒருவர். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

அக்கா நடுவில் நின்றார். கணவர் ஆர்மோனியத்தை அவருக்குப் பின்னால் பக்கவாட்டில் வைத்திருந்தார். மேடையிலும் அப்படித்தான். பாடுகிறவர் ஜனங்களைப் பார்த்து நிற்பார். ஆர்மோனியக்காரரின் விரல் அவர் கண்ணுக்குப் படாது. "அஞ்சரை" என்றார் அக்கா, டீக்கடையில் ஒரு டீ என்று சொல்லும் பழக்கத்தில். கணவர் "ஆச்சு" என்று துருத்தியை அழுத்தினார்.

வந்தது நாலரை.

முதலில் என் காதுதான் தறிச் சத்தத்தில் தடுமாறுகிறது என்று நினைத்தேன். பிறகு அவர் விரலைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, நாலரைக் கட்டை. மிருதங்கக்காரரும் அதற்குச் சேர்ந்த மிருதங்கத்தைத்தான் மடியில் வைத்திருந்தார். சுருதி தப்பாமல் தட்டினார். ராஜபார்ட்காரர் தன் வரிகளை அந்தச் சுருதியிலேயே எடுத்தார். யாரும் தப்புச் செய்யவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒழுங்காக, பிசிறில்லாமல், ஒரு முழுக்கட்டை கீழே இருந்தார்கள்.

அக்கா பாடினார். நன்றாகவே பாடினார். அந்த உயரத்தில் அவர் குரலின் ஓட்டை தெரியவில்லை. மேலே போய் நின்றுவிட்டு, வெற்றியோடு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா டீச்சர்? நம்ம பெட்டில எப்புடி வருதுன்னு! அங்க வரமாட்டீங்குது, இங்க வருது. உங்க பெட்டியத் தூக்கிக் காவேரில போடுங்க."

மிருதங்கக்காரர் குனிந்து வாரைச் சரிசெய்தார். ராஜபார்ட்காரர் ஜன்னலைப் பார்த்தார். கணவர் மட்டும் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிடாதே என்று கும்பிடும் பார்வை அது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அக்காவுக்கு மட்டும் தெரியாது. "ஆமாங்கக்கா, நல்லா வருது" என்று எப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

பஸ் ஏற்றிவிட அவர் கணவர் கூட வந்தார். பவானிக்குப் போகும் பாலத்துப் பக்கம் வந்தோம். தறிச் சத்தம் கொஞ்சம் பின்தங்கிய பிறகு, கேட்காமலே சொன்னார்.

"நானா எறக்கலீங்க. மொதல்ல ஒரு நோம்பில மேல போறப்ப அவளுக்குக் கொரல் தெறிச்சுப் போச்சு. மூஞ்சி செத்துப் போச்சுங்க டீச்சர். அடுத்த நாடகத்துல சொல்லாம அஞ்சுல புடிச்சேன். சிரிச்சுட்டே எறங்கி வந்தா. 'இன்னைக்குத் தொண்டை தேன் மாதிரி இருந்துதுங்க'ன்னா. அதுக்கப்பறம் எப்புடிச் சொல்றது?"

"அப்புறம் நாலரை."

"ஆமாங்க." கொஞ்ச தூரம் நடந்தார். "வயசாகுதில்லீங்களா. நம்ம கட்டை போச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கே பாடறதை நிறுத்திப் போடுவா. அவ பாடலீன்னா இருக்க மாட்டாளுங்க. நோம்பி முடியட்டும் சாமி. சொல்லிப் போடாதீங்க."

எனக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"அண்ணா, வயசானா குரல் இறங்கும். அதுக்காகத் தண்ணி குடிச்சா இருமல் வராது."

அவர் நின்றுவிட்டார். எங்களைத் தாண்டி நூல் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று போனது. அது போகும்வரை காத்திருந்தார்.

"அது பஞ்சு..."

"உங்களுக்கு வருதா? அதே வீட்டுலதான இருக்கீங்க. நீங்க தண்ணி குடிக்கறப்ப இருமறீங்களா?"

அவர் மனதுக்குள் சாப்பாட்டு வேளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ரசம் சாதத்துக்கு இருமியது, மாத்திரை போட இருமியது, எல்லாம் வந்திருக்கும். நான் இன்னும் சொன்னேன். இரக்கமில்லாமல்தான் சொன்னேன். "குரல் போறதைக் கேட்டுக் கண்டுபிடிக்கற ஒரே இடம் மேடை. நீங்க மறைச்சதுல அவங்க குரல் காப்பாத்தப்படல. என்ன நோவுன்னு பாக்கறதுக்கு இருந்த வழிதான் அடைஞ்சு போச்சு. புதன்கிழமைக்குள்ள நீங்க சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்வேன்."

அந்த வாரம் முழுக்க நான் நிம்மதியாக இல்லை. மற்ற மாணவர்களுக்கு ஸரளி வரிசை சொல்லிக்கொடுக்கும்போது கூட, ஸ என்று யாராவது ஆரம்பித்தால் அது யாருடைய ஸ என்று மனம் பயந்தது. நான் டாக்டர் இல்லை. ஒன்றுமே இல்லாமல் வெறும் வீக்கமாக இருந்தால் ஒரு புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்துவிட்ட பாவம் எனக்கு. பெரிதாக ஏதாவது இருந்துவிட்டாலோ, அதை நினைக்கவே பயமாக இருந்தது. ஞாயிறு பூசையில் என் வாய் பாடிக்கொண்டிருந்தது, மனம் பவானிப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தது.

புதன்கிழமை மாடிப்படியில் இரண்டு பேரின் காலடி கேட்டது. அக்கா முன்னால் வந்தார். பின்னால் அவர் கணவர், ஆர்மோனியத்தைத் தலையில் வைத்துக்கொண்டு. அத்தனை தூரம் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இவுருக்கு என்ன வந்துதோ தெரீலீங்க டீச்சர். நானும் வாரேன்னு பொட்டியத் தூக்கிட்டாரு. இன்னைக்கு நம்ம பொட்டி. உங்க கரண்டுப் பொட்டிக்கு லீவு."

சொல்லவில்லை. அவர் இன்னும் சொல்லவில்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. நான் வாயெடுத்தேன். கணவர் என்னைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார். பொறு என்பது போல.

அவர் ஆர்மோனியத்தைப் பிரித்து உட்கார்ந்தார். எப்போதும் போல் அக்காவுக்குப் பின்னால். அக்கா என் பக்கம் திரும்பி நின்றார். "அஞ்சரை" என்றார்.

"ஆச்சு" என்றார் அவர்.

இந்த முறை ஐந்தரையே வந்தது.

அக்கா எடுத்த எடுப்பில் முழுக்குரலோடு ஏறினார், மேலே போய் நிற்கப் போனவர் குரல் இல்லாமல் வெறும் காற்றாக நின்றார். வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. செருமிக்கொண்டார். மறுபடி எடுத்தார். மறுபடி அதே இடத்தில். என் சுருதிப் பெட்டியைப் பார்த்தார். அது சுவரோரம் அணைந்து கிடந்தது.

பாடிக்கொண்டே திரும்பி ஆர்மோனியத்தைப் பார்த்தார். இருபது வருடத்தில் அவர் பாட்டின் நடுவில் திரும்பியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"ஏனுங்க, கூட வெச்சுட்டீங்களா?"

"இல்ல புள்ள. இதுதான் உன்ற கட்டை."

"அப்ப நேத்துப் பாடினது?"

அவர் துருத்தியிலிருந்து கையை எடுத்தார். ஆர்மோனியத்தில் மிச்சமிருந்த காற்று ஸ-வை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு நின்றது. அக்கா முட்டாள் இல்லை. என் கண் முன்னாலேயே அவர் பின்னோக்கிப் போனார். எந்தெந்த மேடை, எந்தெந்தக் கைதட்டல் என்று.

"ஆருக்கெல்லாந் தெரியும்?"

"செட்டுக்குத் தெரியும்."

"டீச்சருக்கு?"

"தெரியுங்கக்கா" என்றேன். "போன வாரம், உங்க வீட்டுல."

அவர் என்னைத் திட்டவில்லை. கணவரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார், நாடகத்தில் சபதம் போடுவதற்கு முன் செய்வது போலவே.

"வெள்ளிக்கெழம காப்புக் கட்டிக்கறேன். என்ற கட்டையிலயே பாடறேன். வரலீன்னா வராமயே போகட்டும். கூட்டத்துக்கு முன்னாலயே போகட்டும். இனி எவனும் எனக்குப் பிச்ச போட வேண்டாம்."

அவர் செய்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஊர் கூடி நிற்க, தொண்டையைக் கிழித்துக்கொண்டு, வரமாட்டேன் என்ற குரலை இழுத்துக்கொண்டு வருவார். ஊர் அதைத் தொண்டை உடைகிறது என்று சொல்லிக் கும்பிடும்.

"கட்டிக்குங்கக்கா. யாரு வேண்டான்னா? அதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள பாத்துட்டுக் கட்டிக்குங்க. குரல் போயிருச்சுன்னு இவரு சொல்றாரு, போகலன்னு நீங்க சொல்றீங்க. ரெண்டு பேரும் பாக்காமயே சொல்றீங்க."

அக்கா ஆர்மோனியத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, "பாத்து நல்லாத்தா இருக்குதுன்னா, இந்தாளு மொகத்துல முழிக்க மாட்டேன்" என்றார். அந்தக் கோபத்தோடேதான் படி இறங்கினார். ஆர்மோனியம் என் அறையிலேயே கிடந்தது.

ஜங்ஷனுக்குப் போகிற வழியில் தொண்டை டாக்டர் ஒருவர் இருக்கிறார். அன்று கூட்டமில்லை. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, "ஈ... சொல்லுங்கம்மா" என்றார் அந்த டாக்டர். பக்கத்தில் ஒரு திரை. அதில் குரல்நாண்கள் இரண்டும் வெள்ளையாகத் தெரிந்தன. நான் வாழ்நாள் முழுக்க உழைப்பது அவற்றைக் கொண்டுதான், பார்த்தது அன்றுதான். அக்கா ஈ என்றார். வலது பக்கத்து நாண் ஓடிவந்தது. இடது பக்கம் அசையவில்லை. டாக்டர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி ஒன்று மட்டும் வந்து, இன்னொன்றை எட்ட முடியாமல் நின்றது. நடுவில் இருந்த இடைவெளிதான் நான் இத்தனை வாரமாகக் கேட்ட காற்று.

டாக்டர் குழாயை எடுத்துவிட்டு அவர் கழுத்தை விரல்களால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். எச்சிலை விழுங்கச் சொன்னார். இடது பக்கம் கீழே ஓரிடத்தில் விரல்கள் நின்றன. அதன் பிறகு அவர் பேசிய விதம் மாறிவிட்டது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். அந்த நாணை அசைக்கும் நரம்பு கழுத்து வழியாக நெஞ்சு வரை போய்த் திரும்புகிறது. வழியில் எதுவோ அதை அழுத்துகிறது. அது என்ன கட்டி என்று பார்க்க வேண்டும், கழுத்துக்கும் நெஞ்சுக்கும் இன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். காப்பு பற்றி அக்கா கேட்கவே இல்லை.

"குரல் எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"ஒரு ரெண்டு மாசமா இருக்குமுங்க" என்றார் அக்கா. "டீச்சர் ஊட்டுக்கு வந்தப்பறந்தான் தெரிஞ்சுது."

டாக்டர் அதை எழுதப் போனார். கதவோரம் நின்றிருந்த கணவர் தொண்டையைச் செருமினார்.

"இல்லீங்க. மூணு வருசமுங்க." அவர் யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார். "மூணு நோம்பிக்கு முன்னால அரைக்கட்டை. போன நோம்பில இன்னொரு அரை. இப்ப அதுவும் பத்தலீங்க. இந்த நோம்பிக்கு நாலுக்கு எறக்கலாம்னு இருந்தேன்."

டாக்டருக்குக் கட்டைக் கணக்குப் புரிந்திருக்காது. மூன்று வருடம் என்பது புரிந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"மூணு வருஷமா? ஏம்மா, அப்பவே வந்திருக்கக் கூடாதா? பாடறவங்க நீங்க. உங்களுக்கே தெரியலையா?"

மாடியறையை விட்டுக் கிளம்பியதிலிருந்து அக்கா கணவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, அவரைக் காப்பாற்றும் நினைப்பு இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பதிலை டாக்டருக்குத்தான் சொன்னார். கண் மட்டும் அவரை விட்டு எடுக்கவில்லை.

"நல்லாத்தானுங்க பாடிட்டு இருந்தேன்."

அவர் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிய சீட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.